டீ கட்சியும் தண்ணிக் கட்சியும்

அந்தப் பள்ளிக்கூடத்து நர்சம்மாவுக்கு ஒரே ஒரு பெருமைதான். அவளுடைய ரிஜிஸ்தரில் அடித்தல் திருத்தல் கிடையாது. பதினோரு வருடமாக நோயறையில் உட்கார்ந்திருக்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவனுக்கு நிஜமாகவே வயிற்றுவலியா, கணக்குப் பரீட்சையா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஆனால் காய்ச்சல் விஷயத்தில் முகத்தையும் நம்ப மாட்டாள், கையையும் நம்ப மாட்டாள். தெர்மாமீட்டர்தான். எந்த வாத்தியாராவது “தொட்டுப் பாத்தேன், சுடுது” என்று பிள்ளையை அனுப்பினால், “உங்க கையில என்ன சார், நம்பர் போட்டிருக்கா?” என்று கேட்டுவிடுவாள். அந்த வாய்க்காகவே பாதி வாத்தியார்கள் அவள் இருக்கிற பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

குளிர்காலம் தொடங்குகிற வாரத்தில் ஆய்வு டாக்டர் ஒருவர் நாலு அட்டைப்பெட்டிகளோடு அங்கே வந்து இறங்கினார். ஒல்லியான மனுஷர், போட்டிருந்த கோட்டு அவரைவிட இரண்டு சைஸ் பெரிது. வருடா வருடம் ஃப்ளூ வந்து வகுப்பில் பாதி பெஞ்சைக் காலி செய்துவிட்டுப் போகிறதே, அதைக் கிரீன் டீயால் தடுக்க முடியுமா என்று பார்க்க வந்திருந்தார். குடிப்பதற்கு இல்லை, கொப்பளிப்பதற்கு. பெரிய வகுப்புப் பிள்ளைகள் நூற்றிருபது பேர். பாதிப் பேருக்குக் கிரீன் டீ, பாதிப் பேருக்கு வெறும் தண்ணீர். காலையில் வந்ததும், மத்தியானம் சாப்பிட்டதும், வீட்டுக்குக் கிளம்பும்போதும் என்று மூன்று தடவை. தொண்ணூறு நாள். கொப்பளித்துத் துப்பியதும் அவரவர் அட்டையில் ஒரு டிக் போட வேண்டும். யாருக்காவது உடம்பு சுட்டால் நர்சம்மா தெர்மாமீட்டர் வைக்க வேண்டும். செல்சியஸில் முப்பத்தெட்டைத் தாண்டினால் ரிஜிஸ்தரில் எழுதி, தொண்டையில் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, பிள்ளையை ஐந்து நாள் வீட்டில் வைக்க வேண்டும்.

“டீயில இருக்கிற ஒரு சத்து, கிருமி தொண்டையில ஒட்டாம தடுக்கலாம். தடுக்காமலும் போகலாம். தெரியாது. தெரியாததாலதான் வந்திருக்கேன்” என்றார் டாக்டர். நேர்மையான ஆள், பாவம். அவர் சொன்னதில் முன்பாதியை மட்டும் நர்சம்மா காதில் வாங்கிக்கொண்டாள்.

அவளைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. அவளுடைய மகளும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள், பதினைந்து வயது. சின்னதிலிருந்தே இழுப்பு. சளி பிடித்தால் நெஞ்சுக்குள்ளே ஏதோ கத்துகிற மாதிரி சத்தம் வரும், அதனால் சிநேகிதிகள் வைத்த பெயர் பூனை. போன குளிர்காலத்தில் ஃப்ளூ வந்து, எட்டு நாள் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தாள். அந்த எட்டு நாளும் நர்சம்மா நர்சாக இல்லை, வெறும் அம்மாவாக இருந்தாள். கட்டில் பக்கத்தில் நின்று கையைப் பிசைவதைத் தவிர அந்த வேலையில் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தடுப்பூசியோ, அந்த ஊரில் வயசானவர்களுக்கே பத்தவில்லை. இப்படி இருக்கும்போது ஒருத்தர் வந்து “தடுக்கலாம்” என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

யாருக்கு டீ, யாருக்குத் தண்ணீர் என்பது நம்பர் போட்டுச் சீல் வைத்த கவர்களுக்குள் இருந்தது. பட்டியல் வரிசைப்படி ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, அதன் நம்பர் கவரை அதன் கண்முன்னால் பிரிக்க வேண்டும். “முன்னாடியே பிரிச்சுப் பாத்துடாதீங்க சிஸ்டர், எல்லாமே அதுலதான் இருக்கு” என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டு, ஹெட்மாஸ்டர் அறைக்குக் காபி குடிக்கப் போய்விட்டார்.

நாற்பது பிள்ளைகள் முடிந்தார்கள். நாற்பத்தொன்று பூனை. நாற்பத்திரண்டு, பூனையின் உயிர்ச் சிநேகிதி, கேன்டீன்காரம்மாவின் மகள். அவளை எல்லோரும் புயல் என்றுதான் கூப்பிடுவார்கள், எண்ணூறு மீட்டர் ஓட்டக்காரி. இரண்டு பேரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். நர்சம்மா கதவைப் பார்த்தாள், கவரைப் பார்த்தாள், பிரித்துவிட்டாள். தண்ணீர். நாற்பத்திரண்டையும் பிரித்தாள். டீ. உள்ளே இருந்த சீட்டுகளை மாற்றிப்போட்டு, பசைக்குச்சியால் ஒட்டினாள். ஒரு தடவை இருமி முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பதினோரு வருடத்து நேர்மை அவ்வளவுதான்.

ஒட்டி முடிக்கிற சமயத்தில் கேன்டீன்காரம்மா அளவுக் குடுவைகளோடு உள்ளே வந்தாள். “எங்க வைக்க சிஸ்டர்?” என்றாள். ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பார்த்திருந்தால் சும்மாவா போவாள், பார்த்திருக்க மாட்டாள் என்று நர்சம்மா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

கவரைப் பிரித்த புயலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அப்பாடா, எனக்குத் தண்ணி. தப்பிச்சேன் சித்தி. ஏய் பூனை, உனக்குக் கஷாயமா? நல்லா அனுபவி.” நர்சம்மா கேன்டீன்காரம்மாவை அக்கா என்பாள், அதனால் புயலுக்கு அவள் சித்தி. அந்தச் சித்தி குனிந்து ரிஜிஸ்தரில் இரண்டு பேரையும் அழகாக எழுதிக்கொண்டாள்.

அப்புறம் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. தாழ்வாரத்து நீளத் தொட்டிக்கு முன்னால் அறுபது அறுபது பேராக நின்று தலையை அண்ணாந்துகொண்டு கடகடவென்று சத்தம். ஒருத்தன் காலைப் பிரார்த்தனைப் பாட்டை முழுசாகக் கொப்பளித்தே பாடினான். அவனுக்கு ஹெட்மாஸ்டர் அறையில் தனிக் கச்சேரி நடந்தது. பிள்ளைகள் தங்களை டீ கட்சி, தண்ணிக் கட்சி என்று பிரித்துக்கொண்டார்கள். தண்ணிக் கட்சி என்ற பேரைச் சொல்லக் கூடாதென்று ஹெட்மாஸ்டர் சுற்றறிக்கை விட்டார், அதிலிருந்து எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். பீங்கான் தொட்டி மஞ்சளாகிப்போனது. டீயைக் காய்ச்சுவது கேன்டீன்காரம்மா வேலை. தண்ணீர் கொதிக்கக் கூடாது, இத்தனை கிராம் இலை, இத்தனை நிமிஷம், துணியில் வடிகட்டி ஆறவைக்க வேண்டும். “குடிக்கிறவங்களுக்கே நான் இவ்வளவு பதம் பாத்தது இல்ல. துப்புறதுக்குப் பதம் பாக்கச் சொல்றாரு” என்பாள். ஆனாலும் ஒருநாள்கூடப் பதம் தவறவில்லை.

பிள்ளைகள் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரே பேனாவில் வாரம் முழுசுக்கும் டிக் போடுவதை நர்சம்மா பார்க்கத்தான் செய்தாள். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். விட்டுப்போன கட்டங்களில் அவளே டிக் போட்டாள். கட்டம் காலியாக இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது. அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று அவளுக்குள் வளர்ந்துகொண்டிருந்தது. அவள் டீ கட்சியில் சேர்ந்துவிட்டாள். ஆறாவது வார முடிவில் ஃப்ளூ வந்தவர்கள் டீ கட்சியில் இரண்டு பேர், தண்ணிக் கட்சியில் ஐந்து பேர். ஏழு பிள்ளைகள் காய்ச்சலில் சுருண்டு கிடக்க, இவள் மேட்ச் ஸ்கோர் பார்க்கிறவள் போல அந்த எண்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனாள்.

ஏழாவது வாரம் திங்கட்கிழமை காலை. பூனை சமையலறை வாசலில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

“அம்மா, உடம்பு என்னமோ மாதிரி இருக்கு.”

நர்சம்மா ஈரக்கையைத் துடைத்துவிட்டு நெற்றியில் வைத்தாள். கை சுட்டது. தெர்மாமீட்டர் எட்டுகிற தூரத்தில், கைப்பையில் இருந்தது. அவள் எடுக்கவில்லை.

எடுத்தால் ஒரு நம்பர் வரும். நம்பர் வந்தால் எழுத வேண்டும். எழுதினால் டீ கட்சியில் மூன்றாவது ஆள் தன் மகளாக இருப்பாள். அப்புறம் அந்தச் சீட்டை மாற்றியது எதற்கு? இதெல்லாம் மேலே மேலே ஓடிய நினைப்பு. அடியில் இருந்தது பயம், வேறொன்றும் இல்லை. போன வருடத்து எட்டு நாளை இன்னொரு தடவை பார்க்க அவளுக்குத் தெம்பு கிடையாது. தெர்மாமீட்டரை வெளியே எடுக்காதவரைக்கும் அது வெறும் சளி.

“நீ டீ கட்சிடி. உனக்கு எங்கிருந்து ஃப்ளூ வரும்? சளிதான். இந்த மாத்திரையைப் போடு, இன்னிக்கு ரெண்டு தடவை கூடக் கொப்பளி.”

வேறு எந்த அம்மா பிள்ளையை இப்படிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தாலும், நர்சம்மா அவளை நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருப்பாள்.

செவ்வாய்க்கிழமை பூனைக்கு நெஞ்சில் சத்தம் ஆரம்பித்தது. இனிமேல் எங்கே அனுப்புவது? நர்சம்மா அவளை வீட்டில் வைத்து, மூச்சுக்கு மருந்துப் புகை காட்டினாள். நல்லகாலம், வெள்ளிக்கிழமை பூனை எழுந்து உட்கார்ந்துவிட்டாள். டீயால்தான் இந்த அளவோடு போனது என்று நர்சம்மா மனசார நம்பினாள். லீவு கடிதத்தில் சளி என்று எழுதி, தானே கையெழுத்துப் போட்டு, தானே வாங்கிக் கோப்பில் வைத்தாள்.

அதற்குள் வியாழக்கிழமையே புயல் நோயறைக்கு வந்திருந்தாள். தெர்மாமீட்டர் முப்பத்தொன்பது புள்ளி ஆறு காட்டியது. பரிசோதனையில் ஃப்ளூ என்று வந்தது. தண்ணிக் கட்சிக்கு ஆறு. இந்தத் தடவை நர்சம்மாவுக்குச் சந்தோஷம் வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கேன்டீன்காரம்மா போன் செய்தாள். “சிஸ்டர், அவ மூச்சு விடுறதப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு.” நர்சம்மா போட்டது போட்டபடி ஓடினாள். உதடு நீலமாக இருந்தது. யார் காரையோ தடுத்து நிறுத்தி, பின்சீட்டில் புயலைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாள். நிமோனியா. இருபத்திரண்டு நாள்.

அந்த இருபத்திரண்டு நாளுக்கு நடுவில்தான் விளையாட்டுப் பள்ளியின் தேர்வு ஓட்டம் வந்து போனது. வருடத்துக்கு ஒருமுறை, பதினாறு வயதுக்குள் இருக்க வேண்டும். போன வருடம் புயல் ஒரே ஒரு ஆள் வித்தியாசத்தில் விட்டாள். இந்த வருடம் அவளை முந்த ஆளே இல்லை. மூன்று வருடமாகக் கேன்டீன்காரம்மா விடிவதற்கு முன்னால் எழுந்து, மைதானத்து ஓரம் ஸ்டாப்வாட்சும் கையுமாக நின்றிருக்கிறாள். அதற்கப்புறம்தான் அடுப்பு. டிஸ்சார்ஜ் அன்றைக்கு ஆஸ்பத்திரி டாக்டர் மெதுவாகச் சொன்னார், “நுரையீரல்ல ஒரு பக்கம் தழும்பாயிடுச்சும்மா. நடக்கலாம், படி ஏறலாம். ஓட்டமெல்லாம் இப்ப நினைக்காதீங்க. ரெண்டு மூணு வருஷம் போகட்டும், பாக்கலாம்.” புயல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கேன்டீன்காரம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம், “அன்னிக்கு சிஸ்டர் இல்லைன்னா எம் பொண்ணு இல்ல” என்றாள். அதைக் கேட்கும்போதெல்லாம் நர்சம்மாவுக்கு ஒன்றுதான் ஞாபகம் வரும். அந்தச் சீட்டு. அதை மாற்றாமல் இருந்திருந்தால் டீ புயலைக் காப்பாற்றியிருக்கும். அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. சாப்பிடும்போது சீட்டு, குளிக்கும்போது சீட்டு. பூனையைப் பார்த்தால் ஒரு கேள்வி வந்தது, ஒருநாள் கேட்டும்விட்டாள்.

“டீயை ஒழுங்கா கொப்பளிச்சியாடி?”

பூனை தலையைக் குனிந்துகொண்டாள். “அந்தக் கசப்பை யாரும்மா தொண்டை வரைக்கும் விடுவா? வாயில வச்சு வச்சுத் துப்பிடுவோம்.”

நர்சம்மா மகளுடைய அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்தாள். அதில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை.

தொண்ணூறு நாளும் முடிந்து, இன்னும் ஒரு மாதம் கழித்து ஆய்வு டாக்டர் முடிவோடு வந்தார். பெரிய வகுப்பு மொத்தமும் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. டீ கட்சியில் ஏழு பேர், தண்ணிக் கட்சியில் எட்டு பேர். “இதை வித்தியாசம்னு சொல்ல முடியாது. டீயோ தண்ணியோ, ரெண்டும் ஒண்ணுதான்னு தோணுது. நீங்கல்லாம் ஒழுங்கா கொப்பளிச்சீங்களான்னும் எனக்குச் சந்தேகம்” என்றார். பிள்ளைகள் சிரித்துத் தீர்த்தார்கள். மனுஷரும் சிரித்தார். கடைசியில் நர்சம்மாவை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சான்றிதழ் கொடுத்தார். அவர் பார்த்த பள்ளிக்கூடங்களிலேயே ரிஜிஸ்தரிலும் அட்டைகளிலும் ஒரு கட்டம்கூடக் காலியில்லாதது இது ஒன்றுதானாம். எல்லோரும் கை தட்டினார்கள்.

நர்சம்மாவுக்குக் கைதட்டல் காதிலேயே விழவில்லை. ரெண்டும் ஒண்ணுதான். அந்த ஒரு வார்த்தையில் அவள் தலைமேல் இருந்த பாரம் இறங்கிவிட்டது. சீட்டை மாற்றியதால் எதுவும் ஆகிவிடவில்லை. டீ கிடைத்திருந்தாலும் புயலுக்கு வந்திருக்கும். இனி அக்காவிடம் சொல்லிவிடலாம். திட்டுவாள், திட்டட்டும். கூட்டம் கலைவதற்குள் சான்றிதழைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கேன்டீனுக்கு நடந்தாள். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறவளுக்கு இத்தனை வேகம் வந்திருக்கக் கூடாது.

கேன்டீன்காரம்மா டீ பாய்லரைக் கவிழ்த்துப்போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஒண்ணு சொல்லணும். நீங்க என்னை அடிச்சாலும் சரி.”

“சொல்லுங்க சிஸ்டர்.”

“கவர் பிரிச்ச அன்னிக்கு உங்க பொண்ணுக்குத்தான் டீ வந்துச்சு. எம் பொண்ணுக்குத் தண்ணி. நான் சீட்டை மாத்திட்டேன்.”

“தெரியும்” என்றாள் கேன்டீன்காரம்மா. தேய்க்கிற கை நிற்கவில்லை.

“தெரியுமா?”

“குடுவை கொண்டாந்தேன்ல. பசைக்குச்சி கையில இருந்துச்சு, முகம் வெளுத்துக் கிடந்துச்சு. எனக்கு விளங்காதா?”

“ஏன்க்கா அப்பவே கேக்கல?”

“என்னத்தக் கேக்கிறது? போன வருஷம் மூக்குல குழாயோட அந்தப் புள்ள கிடந்தப்ப நானும்தான் வந்து பாத்தேன். என் புள்ளைக்கு அப்படின்னா நானும் மாத்தியிருப்பேன். அதோட அந்த டீயைக் காய்ச்சினவ நான். துப்புற கஷாயத்துல எம் பொண்ணு உசுரு இருக்குன்னு நான் ஒருநாளும் நினைக்கல.”

நர்சம்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நல்ல அழுகை. மூன்று மாதமாக அடக்கி வைத்தது. “டாக்டரும் அதைத்தான்க்கா சொன்னாரு, ரெண்டும் ஒண்ணுதானாம்” என்று விசும்பினாள்.

“இருங்க, அழாதீங்க. நான் ஒண்ணு கேக்கணும்.” கேன்டீன்காரம்மா குழாயை மூடினாள். “அந்த வாரம் திங்கக்கிழமை பூனை மத்தியானம் இங்க வந்துச்சு. கண்ணு செவந்து, நிமிந்து உக்கார முடியல. நான் தொட்டுப் பாத்தேன், சுட்டுச்சு. நோயறைக்குப் போலாமான்னு கேட்டேன். ‘அம்மா பாத்தாச்சு பெரியம்மா, வெறும் சளிதானாம்’னு சொல்லுச்சு. எம் பொண்ணு தள்ளி உக்காரத்தான் போனா. ஓட்டம் வருதுல்ல, பயம். நான்தான் திட்டினேன். ‘நர்சம்மாவே பாத்தாச்சு, அப்புறம் உனக்கென்னடி? பக்கத்துல உக்காந்து அவளைச் சாப்பிட வை’ன்னேன். ஒரே ஸ்பூன்ல சூப்பை அவளுக்கு ரெண்டு வாய், இவளுக்கு ரெண்டு வாய். நான் பாத்துக்கிட்டே நின்னேன்.”

நர்சம்மாவின் அழுகை நின்றுவிட்டது.

“அன்னிக்கு எவ்வளவு இருந்துச்சு சிஸ்டர்?”

“என்னக்கா?”

“காய்ச்சல். தெர்மாமீட்டர்ல எவ்வளவு போட்டிருந்துச்சு?”

“தெர்மாமீட்டர் வைக்கலக்கா.”

கேன்டீன்காரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை.

“நான் டீயையும் நம்பல, தண்ணியையும் நம்பல” என்றாள். “உங்களை நம்பினேன்.”

பிறகு குழாயைத் திறந்தாள். “தள்ளி நில்லுங்க, தெறிக்கும்” என்று சொல்லிவிட்டுப் பாய்லரைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

நர்சம்மா நோயறைக்கு வந்து ரிஜிஸ்தரை எடுத்தாள். அந்தத் திங்கட்கிழமைப் பக்கத்தைப் பிரித்தாள். அன்றைக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். அதற்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது. மகளின் பெயரை எழுதினாள், வகுப்பை எழுதினாள், காலை ஏழேகால் என்று நேரத்தை எழுதினாள். அடுத்த கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. அங்கே எழுத அவளிடம் நம்பர் இல்லை. கை சுட்டது மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது.

“சித்தி, உக்காந்துக்கட்டுமா?”

வாசலில் புயல். விளையாட்டு வகுப்பு நேரத்தில் அவளை இப்போது நோயறையில்தான் உட்காரவைக்கிறார்கள். ஒரு மாடிதான் ஏறி வந்திருந்தாள், கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். ஜன்னலோர பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். கீழே மைதானத்தில் அவள் வகுப்புப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

நர்சம்மா அந்தப் பக்கத்தை மூடி, இன்றையப் பக்கத்தைத் திறந்தாள். தெர்மாமீட்டரைத் துடைத்துக்கொண்டு வந்து புயலின் வாயில் வைத்தாள்.

“எனக்குக் காய்ச்சல் இல்லையே சித்தி” என்றாள் புயல், அதை வைத்துக்கொண்டே.

“பேசாம இரு.”

முழுசாக மூன்று நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பத்தாறு புள்ளி எட்டு. அதைக் கொண்டுபோய் ரிஜிஸ்தரில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள்.